கேட்டாத்தான் குடுக்கணும்

பயப்படாம உக்காருங்க தம்பி. ரத்தம் நின்னு போச்சு. துணிதான் நனைஞ்சிருக்குது, உங்க சட்டையில ஒட்டாது. ஊசி போட்டாச்சு. தையல் போடறவங்க வேற கேஸைப் பாத்துட்டு வர்றோம்னு போயிருக்கறாங்க. விரல் நுனி அந்தா, அந்த டப்பாவுல ஐஸுக்குள்ள கெடக்குது. ஒட்டறது கஷ்டம்னு சொல்லிப்போட்டாங்க. வலது கை ஆள்காட்டி விரலுங்க. நாய் கடிச்சுதான்னு வர்றவன் போறவனெல்லாம் கேக்கறான். நாய் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி.

உங்களுக்கு யாரு உள்ள? அம்மாவுங்களா? வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சா? பேச்சு வரலீங்களா? அட, அப்ப ஆண்டவன்தான் உங்களை என்ற பக்கத்துல கொண்டாந்து உக்கார வெச்சிருக்கறான். நாஞ் சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க. இந்த வைத்தியத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவானுக. எவன் சொல்றதைக் கேக்கறது, எவன் சொல்றதை விடறதுன்னு தெரியாம நாம பைத்தியம் புடிச்சுத் திரியணும். நான் திரிஞ்சாச்சு. நீங்க திரிய வேண்டாம்.

என்ற பேரு சென்னியப்பன். தாராபுரத்துல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறன். எங்க பக்கத்துல ஸ்டியரிங் புடிக்கறவன்ல பாதிப்பேரு என்கிட்ட எட்டு போட்டுப் பழகுனவந்தான். வண்டியில டேஷ்போர்டு மேல மர ஸ்கேல் ஒண்ணு எப்பவும் கெடக்கும். கிளட்சை மிதிக்காமக் கியரைப் போட்டா, விரல் முட்டி மேல படார்னு ஒண்ணு. ஆம்பளை பொம்பளைன்னெல்லாம் பாக்கறதில்லை. ஒரு பையன் ஒருக்கா ஸ்கேலைப் புடுங்கி என்னையே அடிச்சுப்போட்டான். வண்டியை ஓரங்கட்டி, சட்டையைப் புடிச்சு எறக்கி, ரோட்டுலயே போட்டு மிதிச்சன். அவன் பல்லு ஒண்ணு போச்சு. இப்ப லாரி ஓட்டறான், இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது. பயம் இருந்தா கை தன்னால சொன்னபடி கேக்கும். நாக்கும் ஒரு கை மாதிரிதானுங்களே? நான் அப்படித்தான் நெனைச்சன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறன்.

என்ற ஊட்டுக்காரி பேரு தெய்வாத்தா. கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அவ வாயில அதிகமா வந்த வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான். சரிங்க. ஒறம்பரை வருது, கோழி அடிச்சுக் கொழம்பு வைய்யின்னா, சரிங்க. உன்ற அண்ணன் ஊட்டு நோம்பிக்குப் போகக்கூடாதுன்னா, சரிங்க. எதுத்து ஒரு பேச்சுப் பேசாத பொம்பளைன்னு எங்க வளவுல அவளுக்கு நல்ல பேரு. பேசுனா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். மொதல்ல ஒருக்கா ரெண்டுக்கா பேசிப் பாத்துருக்கறா.

இந்த ஆவணியில, துணி தொவைக்கற கல்லுக்கிட்ட விழுந்து கெடந்தா. தலையில ரத்தக்கட்டு, வலது கையும் காலும் இழுத்துக்கிச்சு. கண்ணு முழிச்சதும், தெய்வு, என்னைத் தெரியுதான்னு கேட்டன். சரிங்கன்னா. உன்ற பேரு என்ன சொல்லுன்னன். சரிங்க. எங்க வலிக்குது? சரிங்க. டாக்டரு சொன்னாரு, பேசற எடத்துல அடைப்பு, மத்த வார்த்தையெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு, இது ஒண்ணுதான் வெளிய வருது, என்ன சொல்ல வந்தாலும் இதுதான் வரும்னு. நாம பேசறது முக்காவாசி அவங்களுக்குப் புரியுது, சீக்கு வாயிலதான், அறிவுல இல்லைன்னாரு. நெஜத்தைச் சொல்லணும்னா எனக்கு மொதல்ல அவ்வளவு வெசனமில்லீங்க. பொண்டாட்டிக்கு எல்லாப் பேச்சும் போயி சரிங்க மட்டும் மிஞ்சுனா அது எத்தனை பேருக்குக் கெடைக்கும்னு கூட்டாளிக சிரிச்சானுக. நானும் சேந்து சிரிச்சன்.

ஊட்டுக்கு வந்தப்பறம்தான் தெரிஞ்சுது. சோறு வேணும்னாலும் சரிங்க. கக்கூஸுக்குப் போகணும்னாலும் சரிங்க. வேண்டாம்னாலும் சரிங்க. இழுத்துச் சொல்லுவா, கத்திச் சொல்லுவா, அழுதுக்கிட்டே சொல்லுவா. நான் என்னன்னு கண்டன்? இடது கை நல்லா இருந்துது. அதை நீட்டி நீட்டிக் காட்டுவா. நான் பாத்தா பாத்தன், இல்லாட்டி படுக்கையிலயே எல்லாம் ஆயிரும். ஆம்பளை நான், அள்ளிக் கொட்டிக் கழுவி உட்டன். யாரு செய்வாங்க சொல்லுங்க. கோவம் வராம இருக்குமுங்களா?

வைத்தியத்துக்கு வர்றன். மொதல்ல கைக்குப் பயிற்சி சொல்லிக்குடுக்க ஒருத்தன் வந்தான். நல்ல பையன். அவன் என்ன சொன்னான்னா, நல்ல கை சும்மா இருந்தாத்தான் சீக்குக் கை வேலை செய்யும், அதனால கொஞ்ச நேரம் நல்ல கையில ஒரு உறையை மாட்டி உடுங்கன்னான். எனக்கு அது சட்டுனு புடிச்சுப் போச்சு. நாஞ் சொல்லிக்குடுக்கறதும் அதேதானுங்களே. ஒரு கையிலயே ஸ்டியரிங் புடிச்சுப் பழகுனவனுக்கு அந்தக் கையைப் புடிச்சு வெச்சாத்தான் இன்னொரு கை வரும்.

அப்பறம் போன்ல ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டு, கழுத்துல குழாய். பேச்சு போனவங்களுக்கு நீங்களே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தா அவங்க ஏன் பேசப் போறாங்க, கேட்டாத்தான் குடுக்கணும், சைகைக்குக் குடுக்கவே கூடாதுன்னு அடிச்சுச் சொன்னாரு. கேட்டாத்தான் குடுக்கணும். எவ்வளவு சுருக்கமா இருக்குது பாருங்க. எங்க ஊட்டுச் செவுத்துல எழுதி ஒட்டலாம்.

இதுக்கு நடுவுல ஆஸ்பத்திரியில இருந்து ஜெனிட்டான்னு ஒரு புள்ளை, பேச்சுப் பயிற்சி குடுக்கறது, நாகர்கோயில் பக்கம். ஊட்டுக்கு வந்து உக்காந்துக்கிட்டு, கையைக் காட்டுனாலும் அது பேச்சுதான் அய்யா, படம் வரைஞ்சாலும் பேச்சுதான், தலையாட்டுனாலும் பேச்சுதான், அவங்க எப்படிச் சொன்னாலும் எடுத்துக்கிடுங்கன்னுது. தப்பாச் சொன்னா அதட்டக்கூடாதாம். அவசரப்படுத்தக் கூடாதாம். ஒரு கேள்வியைக் கேட்டா அதையே திருப்பிப் போட்டும் கேக்கணுமாம், அப்பத்தான் அவங்க ஆமான்னு சொல்றாங்களா, வாயில அது மட்டும் வருதான்னு தெரியுமாம். இதெல்லாம் யாரும்மா சொன்னதுன்னன். வழிகாட்டி இருக்கு அய்யான்னுது. எங்க, காட்டுன்னன். போன்ல காட்டுச்சு, பூரா இங்கிலீசு. சீமையில உக்காந்துக்கிட்டு எவனோ எழுதுனது. அட்டைப் படமெல்லாம் கொண்டாந்துது, அதுல ஒண்ணுல பனியில செஞ்ச பொம்மை, மூக்குக்குப் பதிலா கேரட்டு. தாராபுரத்துல வெயில்ல வெந்துக்கிட்டு இருக்கறவகிட்ட இதைக் காட்டி இது என்னான்னு கேட்டா எனக்கே சொல்ல வராதுங்களே.

அந்தப் புள்ளையும் ஒத்துக்கிச்சு. நம்ம தமிழுக்குன்னு யாரும் ஒழுங்கா எழுதி வெக்கலை அய்யா, இருக்கற வழிகாட்டி எல்லாமே ஒரே தரம் இல்லை, அதுக்கே மார்க் போட்டுப் பாக்கறாங்க, சிலது நல்லாருக்கு, சிலது நாலு பேரு உக்காந்து தோணுனதை எழுதுனதுன்னுது. எனக்குச் சிரிப்பு. டெஸ்ட் வெக்கற இன்ஸ்பெக்டருக்கே டெஸ்ட்டான்னன். எதை வெச்சும்மா மார்க் போடுவாங்கன்னன். ஆதாரம் இருக்கான்னு பாப்பாங்க, அப்பறம் பேச்சு போனவங்களையும் கேட்டுத்தான் எழுதுனாங்களான்னு பாப்பாங்கன்னுது. பேச்சு போனவங்களைக் கேக்கறதா, அவங்க எப்படிம்மா சொல்லுவாங்கன்னு நான் தொடையைத் தட்டிச் சிரிச்சன். தெய்வாத்தா கட்டில்ல இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சிரிக்கலை.

ஏனுங் தம்பி, தள்ளி உக்காந்துட்டீங்க? காத்து வரட்டும்னா? சரி.

நான் என்ன பண்ணுனன்னா, ரெண்டையும் சேத்துக்கிட்டன். கைக்காரன் சொன்னதையும் வீடியோக்காரர் சொன்னதையும். இடது கை காட்டறதாலதான நாக்கு சோம்பேறியாக் கெடக்குது? அந்தக் கையைக் கட்டிப்போட்டன். உறையெல்லாம் எங்க போயி வாங்கறது, என்ற துண்டை எடுத்து நாற்காலிக் கையோட சேத்துக் கட்டுனன். டம்ளர்ல தண்ணியை மோந்து மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு, தண்ணின்னு சொல்லுன்னன். சரிங்கன்னா. தண்ணி சொல்லு. சரிங்க. ஒதடு வறண்டு வெடிச்சிருந்துது, பாக்க எனக்கே கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா எளகுனா பழக்கம் கெட்டுப்போயிரும்ல. தண்ணியைத் தரையில ஊத்திப்போட்டுப் போயிட்டன்.

மக்கா நாளும் அதேதான். சொல்லுன்னன், சரிங்கன்னா. கன்னத்துல ஒண்ணு உட்டன். சொல்லுடி. சரிங்க. இன்னொண்ணு. நாற்காலியே ஒரு பக்கமாச் சாஞ்சுது. காலு வராத பொம்பளை, கையும் கட்டியிருக்குது, விழுந்தா ஊண முடியாது. தூக்கி நேரா உக்கார வெச்சு மறுபடி கேட்டன். அன்னிக்கு ஸ்கேலை வண்டியில இருந்து எடுத்துக்கிட்டு வந்தன். சீக்குக் கைக்கு வலி தெரியாதுன்னு நெனைச்சு அது மேலதான் போட்டன். தெரியும்போல இருக்குது. கத்துனா. கத்துனதும் சரிங்கன்னுதான் கத்துனா. கேட்டவங்களுக்கு நான் என்னமோ நல்லது செய்யறன், அவ சம்மதிக்கறாங்கற மாதிரிதான் இருக்கும். பக்கத்து ஊட்டுக்காரி செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா.

என்ற மக சுகந்தி திருப்பூர்ல இருக்கறா. போன்ல மொகத்தைப் பாத்துப்போட்டு, அம்மாவுக்கு என்ன கன்னம் கன்னிப்போயிருக்குதுன்னா. கேளு உங்கம்மாளையேன்னு போனை அவகிட்டயே நீட்டுனன். அம்மா, அப்பா அடிச்சாரா? சரிங்க. நீயா விழுந்துட்டயா? சரிங்க. பாத்தயா, கேட்டதுக்கெல்லாம் அதுதான் சொல்லுவா, அவ பேச்சை வெச்சு என்னைக் குத்தம் சொல்லாதன்னன். சுகந்தி அவங்கம்மா மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, நான் வர்றன்னு சொல்லி வெச்சுப்போட்டா.

இன்னிக்குக் காலையில நடந்ததைச் சொல்றன், கேளுங்க. இதுதான் முக்கியம்.

எனக்கு ஒரு யோசனை வந்துது. தண்ணின்னு சொல்றப்ப நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டுதில்லீங்களா? அது அவளுக்கு மறந்து போச்சு. நாமளே எடுத்து வெச்சுக் காட்டுனா வந்துரும். புதுசா வர்றவனுக்குக் கியர் மேல நான் கையைப் புடிச்சு வெக்கறதில்லையா, அந்த மாதிரி. கையைக் கட்டுனன். தலைமயிரை ஒரு கையில புடிச்சு அண்ணாத்துனன், தாடையை அழுத்தி வாயைத் தொறந்து, ஆள்காட்டி விரலை உள்ள உட்டு நாக்கைத் தூக்குனன். சொல்லு, த. ஒமட்டுனா. சொல்லு. கண்ணுல தண்ணியா ஊத்துது. சொல்லுடின்னு இன்னும் உள்ள அழுத்துனன்.

கடிச்சுட்டா தம்பி. கவ்வுனவ உடலை. நான் மொகத்துல அறையறன், தலையைப் புடிச்சு நாற்காலி மேல மோதறன், உடலை. என்ற கண்ணைப் பாத்துக்கிட்டே கடிக்கறா. அப்படி ஒரு பார்வையை அவகிட்ட நான் கண்டதில்லை. எலும்பு நொறுங்கற சத்தம் எனக்கே கேட்டுது. நாந்தான் கத்துனன். இழுத்துக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டன். அவ நுனியை என்ற மடிமேலயே துப்புனா. வாய் பூரா ரத்தம், தாடையெல்லாம் வழியுது.

அப்ப சொன்னாளுங்க. தண்ணின்னு சொன்னா. சுத்தமா, எழுத்து பிசகாம, தண்ணி.

சாமி சத்தியமுங்க. எனக்கு விரல் போனது மறந்து போச்சு. அழுகையே வந்துருச்சு. பேசிட்டா, என்ற வைத்தியம் பலிச்சுருச்சு. சொன்னாளே, குடுக்காம இருப்பனா? ரத்தம் சொட்டச் சொட்ட எந்திரிச்சுப் போயி, குடத்துல மோந்து, நானே வாயில வெச்சன். ஒரு வாய் வாங்கிக் கொப்புளிச்சு, என்ற மூஞ்சியிலயே துப்பிப்போட்டா.

அந்த நேரத்துக்குத்தான் சுகந்தி உள்ள வந்தா. வர்றன்னவ எப்பன்னு சொல்லாமயே பஸ்ஸேறி வந்துருக்கறா. வாசப்படியில நின்னு பாத்தா. கட்டுன கையைப் பாத்தா, கீழ கெடந்த ஸ்கேலைப் பாத்தா. பேசிட்டா சுகந்தி, உங்கம்மா பேசிட்டான்னு நான் சொல்றன். அவ அந்த ஸ்கேலை எடுத்து என்ற தலையில போட்டா. பெத்த மக. அந்தா, நெத்தி ஓரமா வீங்கியிருக்குது பாருங்க, அது அவ வேலை. துண்டு முடிச்சை அவுக்கப் பாத்தா, வரலை, கடைசியில பல்லால கடிச்சு அவுத்தா. ஆட்டோவுல எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஏத்த மாட்டன்னுட்டா. நான் பின்னால வேற ஆட்டோ புடிச்சு வந்தன்.

இங்க வந்தா, ஆஸ்பத்திரி போலீசுன்னு ஒரு பொம்பளைப் போலீசு. அம்மா, உங்களை இவரு அடிச்சாரான்னுது. சரிங்க. இவருகூட ஊட்டுக்குப் போறீங்களா? சரிங்க. நான் சொன்னன், எழுதிக்குங்கம்மா, வர்றன்னு சொல்லிட்டான்னு. அதுக்குள்ள அந்த ஜெனிட்டாப் புள்ளை வந்து, அப்படிக் கேக்கக்கூடாது மேடம்னு தடுத்துப்போட்டுது. திருப்பிக் கேட்டுது. இவரு ஊட்டுக்குப் போக மாட்டீங்களா? சரிங்க. பாருங்க, இது பதில் இல்லை, வாயில மாட்டிக்கிட்ட வார்த்தைன்னுது. அப்பறம் சுகந்தி போன்ல அவ ஊட்டுப் படத்தையும், என்ற போன்ல எங்க ஊட்டுப் படத்தையும் எடுத்து, படுக்கை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சுது. எங்க போகணும்? இடது கையால மக ஊட்டைத் தொட்டா. எடத்தை மாத்தி வெச்சுது. மறுபடி மக ஊட்டைத் தொட்டா. எங்க போக வேண்டாம்னு கேட்டுது. என்ற போனை ஒரே தள்ளு. கீழ விழுந்து கண்ணாடி சுக்கலாப் போச்சு.

நான் உடுவனா? கையால காட்டறதெல்லாம் கணக்குல வராது, வாயால சொல்லட்டும், சீமைக்காரன் எழுதுனதை வெச்சு என்ற குடும்பத்தைப் பிரிக்கறீங்களான்னு கேட்டன். என்ற வைத்தியத்துலதான் அவ தண்ணின்னு சொன்னான்னு சொன்னன். அதுக்கு அந்தப் புள்ளை என்ன சொல்லுச்சு தெரியுமா? வலியிலயும் கோவத்துலயும் தெறிச்சு வர்ற வார்த்தை சீக்குக்காரங்ககிட்ட உண்டு அய்யா, அது நீங்க குடுத்தது இல்லைன்னுது. நெஞ்சே எரிஞ்சு போச்சு. இருந்த ஒரு நல்ல காரியத்தையும் என்கிட்ட இருந்து புடுங்கிப்போட்டுது. போலீசு என்னை வெளிய போயி உக்காரச் சொல்லிருச்சு.

அதனாலதான் உங்களுக்குச் சொல்றன். உங்கம்மா ஊட்டுக்கு வந்ததும் நல்ல கையைக் கட்டிப்போடுங்க. கேட்டாத்தான் குடுங்க. விரலை மட்டும் வாயில உடாதீங்க, கரண்டி வெச்சுக்குங்க. ஏனுங், எந்திரிச்சுட்டீங்க? இருங்க, இருங்க, அந்தா கதவைத் தொறக்கறாங்க. கூட்டிக்கிட்டு வர்றாங்க பாருங்க. தள்ளு நாற்காலியில இருக்கறாளே, அவதான். கன்னம் வீங்கிப்போயி ஆளே தெரியலை. தள்ளறவ என்ற மக.

தம்பி, நீங்க சாட்சிக்கு நில்லுங்க. அந்தப் போலீசும் பக்கத்துலதான் வருது. நான் எல்லாருக்கும் முன்னால கேக்கறன். அவ வாயில வர்றது ஒண்ணே ஒண்ணுதான், அதை நாலு பேரு காதால கேட்டாப் போதும். வாயால வர்றன்னு சொன்னவளை எவன் தடுப்பான்?

தெய்வு. ஏ தெய்வு, இங்க பாரு. ஊட்டுக்குப் போலாமா?

ஒதட்டை இறுக்கி மூடிக்கிட்டா பாருங்க. காது கேக்கலையோ. சுகந்தி, நில்லு. தெய்வு, உன்னைத்தான் கேக்கறன், நம்ம ஊட்டுக்குப் போலாமா?

இப்பத்தான் அந்த நாற்காலியை எடுத்துக் குடுத்த ஆளு, காலைத் தூக்கி வெக்கட்டுமா அம்மான்னு கேட்டதுக்கு, சரிங்கன்னா. என்ற காதாலயே கேட்டன். கதவைப் புடிச்சுக்கிட்டு நின்ன நர்ஸுக்கும் சொன்னா. வழியில நின்ன யாரோ ஒரு பொம்பளை, பாத்துப் போங்கம்மான்னுது, அவளுக்கும் சொல்லிப்போட்டுப் போறா.

தெய்வு. சரின்னு சொல்லு. ஒருக்கா சொல்லு.

பாத்துக்கிட்டேதான் போறா. எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கறா.